குவேனி எதன் மேல் சத்தியம் செய்தாள்?

விளக்கைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார்.

கற்பிட்டியில் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி மாயக்கதை ஒன்று எழுதியிருந்தாள். நாயகி குவேனி. கடலோரத்து மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருக்கும் யட்சினி, பொழுது சாய்ந்ததும் எழுந்துபோய் ஒரு மண்விளக்கை ஏற்றி வைத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கிறாள். யாரை நோக்கி என்று கதை சொல்லவில்லை. மொத்தம் ஆறு வரி. அந்த ஆறு வரிக்கு எதிராக நம் விமர்சகர் பன்னிரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்து, சிலாபத்தில் நாங்கள் முப்பது நாற்பது பேர் கூடியிருந்த இடத்தில் முக்கால் மணி நேரம் வாசித்தார். பிள்ளை முன்வரிசையில் கொப்பியை மடியில் வைத்தபடி இருந்தாள். பதில் சொல்ல அவள் எழும்பியபோது பிளேன்டீ வந்துவிட்டது.

விமர்சகரின் பெயரை எழுதப்போவதில்லை. அன்று வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்குத் தேவையில்லை. அவர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: மந்திரம் கைவசம் இருக்கிற பாத்திரம் சாமி கும்பிடுவது தர்க்கப் பிழை. வழிபாடு கையாலாகாதவர்களின் வேலை. கையை அசைத்தால் மலை நகரும் என்றால் கை கூப்புவானேன்? மேலும், தெய்வங்கள் நேரில் நடமாடும் உலகத்தில் ‘நம்பிக்கை’ என்ற சொல்லுக்கே இடமில்லை. கண்ணால் பார்த்ததை எவரும் நம்புவதில்லை, அறிகிறார்கள். உலகத்து நல்ல மாயக்கதைகள் இதைப் புரிந்துகொண்டு மதத்தைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவிட்டன. ஹரி பொட்டரின் மந்திரப் பள்ளியில் தேவாலயம் உண்டா? நம் பழங்கதைகளின் யட்சரும் பேய்களும்கூட மதம் அறியாதவர்கள்தான். மதமெல்லாம் பிக்குகளும் புலவர்களும் பிற்பாடு பூசிய சுண்ணாம்பு. ஆகவே பிள்ளை விளக்கை எடுத்துவிட வேண்டும். கைதட்டல்.

ஹரி பொட்டரிலிருந்தே தொடங்குகிறேன், அவர் மிகுந்த பெருமையோடு கூண்டில் ஏற்றிய சாட்சி அதுதான் என்பதால். ஏழு புத்தகத்தில் எத்தனையை அவர் படித்தாரோ, ஏழாவதைப் படிக்கவில்லை என்று அடித்துச் சொல்வேன். 2007இல் வந்த அந்தக் கடைசி நாவலில் ஹரியும் ஹெர்மயனியும் நத்தார் இரவில் ஒரு கிராமத்துக்குப் போகிறார்கள். தேவாலயத்துக்குள் பாட்டுச் சத்தம். பின்னாலுள்ள சேமக்காலையில் ஹரியின் தாய் தகப்பனின் கல்லறை. இரண்டு பேரும் மந்திரக்காரர். கல்லில் பொறித்திருப்பது கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் கடிதம் 15ஆம் அதிகாரத்து வசனம் ஒன்று. அதே சேமக்காலையில் டம்பிள்டோரின் தாயும் தங்கையும் கிடக்கிறார்கள். அந்தக் கல்லில் மத்தேயு 6ஆம் அதிகாரம். மொத்தத் தொடரின் சாரமும் ஏறக்குறைய இந்த இரண்டு வசனத்தில் அடங்கியிருப்பதாக ரௌலிங் அதே ஆண்டு வெளிப்படையாகவே சொன்னார். இதெல்லாம் போகட்டும். சிரியஸ் ஹரிக்கு என்ன முறை? ஞானத்தகப்பன். ஞானஸ்நானம் இல்லாமல் ஞானத்தகப்பன் எங்கிருந்து முளைப்பான் என்று தலவில திருவிழாவுக்குப் போகிற எந்தக் கத்தோலிக்கச் சிறுவனைக் கேட்டாலும் சிரிப்பான்.

டோல்கீனையும் தன் பக்கம் இழுத்தார். டோல்கீனின் நெடுங்கதையில் கோயில் இல்லை, பூசை இல்லை, உண்மைதான். ஏன் இல்லை என்பதை டோல்கீன் 1953இல் இயேசு சபை நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார்: அடிப்படையில் அது ஒரு கத்தோலிக்கப் படைப்பு, சமயம் கதைக்குள்ளேயே கரைந்துவிட்டதால் வெளியே தெரிகிற சடங்குகளை எடுத்துவிட்டேன் என்று. குழம்பில் உப்பைக் காணோமே என்று கரண்டியால் துழாவுகிறவரிடம் என்ன சொல்ல.

இனி ‘நம்பிக்கை’. இந்த இடத்தில்தான் கைதட்டல் அதிகம் விழுந்தது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். அவர் ஆங்கிலத்தில் படித்த ஒரு வாதத்தைத் தமிழில் இறக்கினார். இறக்கும்போது சொல் உடைந்துபோனதைக் கவனிக்கவில்லை. உடப்பில் கரைவலை இழுக்கிற ஒருவர், “சம்மாட்டிய நம்பித்தான் இந்தப் பருவம் இங்க நின்னேன்” என்பார். சம்மாட்டி என்றொரு ஆள் உலகில் இருக்கக்கூடும் என்று இவர் ஊகிக்கிறார் என்றா அர்த்தம்? சம்மாட்டி எதிரே மணலில் நின்று, மடி கரைக்கு வர வர, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறார். அவர் இருப்பதைப் பற்றி அந்தக் கடற்கரையில் ஒருவருக்கும் ஐயம் கிடையாது. மடியில் சூடைக் குஞ்சுகூட விழாத நாளிலும் வீட்டில் உலை வைக்க அவர் வழிபண்ணுவாரா, பருவம் முடியக் கணக்கைச் சரியாகத் தீர்ப்பாரா, அதுதான் கேள்வி. தமிழில் நம்புவது ஒருவர் மேல் பாரத்தைப் போடுவது. கண்முன் நிற்கிறவர் மேல்தான் போட முடியும்; அவர் கைவிடவும் கூடும், அதனால்தான் அதற்கு நெஞ்சு வேண்டியிருக்கிறது.

அதே உடப்பில் ஆடி மாதம் பதினெட்டு நாள் திருவிழா நடக்கிற கோயிலில் பார்த்தசாரதியும் திரௌபதியும் ஒரே வளாகத்துக்குள் இருக்கிறார்கள். மாயக்கதை என்று பார்த்தால் திரௌபதியைவிடப் பெரிய மாயப் பாத்திரம் எங்கே கிடைக்கும்? வேள்வித் தீயில் பிறந்தவள். வனவாசத்தில் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் அவள் கையில் இருந்தது. கண்ணன் அவளுக்குக் கேள்விப்பட்ட தெய்வம் அல்லன், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவன். அவன் இருக்கிறானா என்பதைப் பற்றி அவளுக்கு என்ன சந்தேகம்? ஆனாலும் சபையில் சேலையைப் பிடித்திருந்த கையை அவள் விட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்குகிறாள் பாருங்கள், அந்த இடத்தில்தான் கதை கேட்கிற எங்கள் ஊர்ப் பெண்கள் அழுவார்கள். விமர்சகரின் கணக்குப்படி அங்கே நம்பிக்கை என்று ஒன்றும் நிகழவில்லை. அவளுக்கு முன்பே தகவல் தெரிந்திருந்தது, அவ்வளவே.

தீமிதிப்பையும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு அவர் எழுதியிருக்கலாம். காப்புக் கட்டி விரதம் இருந்து, மஞ்சள் நனைத்த வேட்டியோடு தணலுக்குள் இறங்குகிறவர் மறுநாள் காலை அதே காலோடு கரைவலைக் கயிற்றுக்கு வந்து நிற்பார். நெருப்பு சுடாத கால்! விமர்சகரின் தர்க்கப்படி இந்த ஆள், “எனக்குத்தான் நெருப்பே சுடவில்லையே, இனி அம்மன் எதற்கு” என்று கேட்டிருக்க வேண்டும். ஒருவர் கேட்டதாக நான் அறியேன். சுடாமல் போன அன்றுதான் அவர் மிகவும் ஒடுங்கிப்போய் இருப்பார்.

பலம் வந்தால் பக்தி போய்விடும் என்கிற வாதத்துக்கு இந்தத் தீவிலிருந்தே ஒரு பெரிய ஆளைக் கூப்பிடுகிறேன். இராவணன். பத்துத் தலை, பறக்கும் விமானம், எடுத்த உருவம் எடுக்கும் மாயை, மூவுலகும் அடங்கிய தோள். இதற்குமேல் மந்திர பலம் வேண்டுமென்றால் கடையில்தான் வாங்க வேண்டும். அந்த ஆள் கயிலையின் கீழே நசுங்கிக் கிடந்தபோது தன் நரம்பையே யாழாக்கிச் சாமகானம் பாடினான் என்பதுதான் சைவர்கள் மறக்காமல் காத்துவைத்த காட்சி. ஞானசம்பந்தர் ஏறக்குறைய ஒவ்வொரு பதிகத்திலும் எட்டாவது பாட்டை இராவணனுக்கு ஒதுக்கினார். பகைவனுக்கு யாராவது நிரந்தர இருக்கை போட்டுவைப்பார்களா? பலத்தால் மலையைத் தூக்கப் போனவன், விரல் ஒன்றின் கீழ் நசுங்கி, பிறகு பாடி, வாளும் பெயரும் பெற்று எழுந்தான். அந்த வாள் மந்திர ஆயுதம். அது கிடைத்ததே பாட்டுக்குத்தான்.

நம் கதைகளின் மந்திரம் எங்கிருந்து வருகிறது என்று விமர்சகர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அவர் நினைப்பது மேலைநாட்டுச் சில கதைகளில் வருவது போல, இரத்தத்தோடு ஊறிப் பிறக்கிற சக்தி. நம்மிடம் அப்படிப் பிறக்கிறவர்கள் குறைவு. நம்மிடம் இருப்பது வரம். வரம் என்றால் கொடுக்கிற கை ஒன்று உண்டு. இரணியன் வாங்கினான், மகிடன் வாங்கினான், அருச்சுனன் தவமிருந்து பாசுபதம் வாங்கினான். அத்திரத்தை எய்வதென்றாலும் மந்திரம் சொல்லி அதற்குரிய தெய்வத்தை அழைத்தாக வேண்டும். வில்லில் அம்புக்கு முன்னால் நாவில் பெயர். கடன் வாங்கிய தோணியில் போகிறவனிடம், “உனக்குத்தான் தோணி இருக்கிறதே, சம்மாட்டி எதற்கு” என்று கேட்கிற கூத்து இது.

சிங்களவர்களின் யக் தொவிலிலும் வரம் என்கிற இதே சொல்தான் நடுநாயகம். பேயோட்டும் ஆதுரா, நோயாளியைப் பிடித்த யக்காவை மிரட்டும்போது தன் பலத்தைச் சொல்லி மிரட்டுவதில்லை. புத்தரின் ஆணையைச் சொல்லி மிரட்டுகிறார். யக்காக்கள் மனிதரை நோய்ப்படுத்திப் படையல் வாங்கிக்கொள்வதற்கே வெசமுனி அரசனிடம் அனுமதி பெற்றவை, அந்த அனுமதிக்கு எல்லை உண்டு. அனுமதிக்கு அவர்கள் சொல்லும் பெயர் வரம. பேய்க்குக்கூட உரிமப்பத்திரம்! படையலைப் பெற்றுக்கொண்டு போக மறுக்கிற யக்கா சட்டத்தை மீறியதாகிறது. மானிடவியலாளர் புரூஸ் கப்ஃபெரர் 1983இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். மதம் அறியாத பேய் என்று நம்மவர் சொல்வது, இந்தத் தீவில் எந்தச் சமூகத்தின் பேயை?

சந்திப்பு நடந்த இடத்திலிருந்து முன்னேஸ்வரம் எவ்வளவு தூரம்? முச்சக்கர வண்டியில் போனால் கதைத்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிடும். அந்தத் தலத்தின் கதை என்ன சொல்கிறது? இராவணனைக் கொன்று திரும்பும் இராமனைப் பிரமகத்தி தொடர்கிறது. புட்பக விமானம் முன்னேஸ்வரத்துக்கு மேலே வந்தபோதுதான் அது பின்னால் வராததை உணர்கிறான். இறங்குகிறான், சிவனைக் கும்பிடுகிறான். பிறகு மானாவரியில் மணலால் லிங்கம் பிடித்து வைக்கிறான். இராமன் யார்? அவதாரம். தெய்வமே மனித உருவில் வந்து, அத்தனை அத்திரமும் கைவசம் இருக்க, தொடர்ந்து வருகிற ஒரு பழியை உதற வழி தெரியாமல் இந்தக் கரையில் மண்ணைக் குழைத்துக்கொண்டு இருந்தது என்று எங்கள் ஊர் பரம்பரை பரம்பரையாகச் சொல்லிவருகிறது. வில்லால் கொல்ல முடிந்தது. கொன்றதை வில்லால் கழுவ முடியவில்லை. வழிபாடு கையாலாகாதவனின் வேலை என்றவர் இந்த வரியை மானாவரிக் கோயில் வாசலில் நின்று வாசித்துக் காட்டட்டும்.

அதே முன்னேஸ்வரத்துப் பத்திரகாளி சந்நிதிக்கு யார் யார் வருகிறார்கள் என்றும் அவர் பார்த்திருக்க வேண்டும். காணிப் பிரச்சினைக்காரர், களவு கொடுத்தவர், ஏமாற்றப்பட்டவர், தமக்குச் சூனியம் வைத்ததாகச் சொல்கிறவர், சிங்களவர்தான் அதிகம். தேங்காயை ஓங்கி அடித்துச் சாபமிடுகிறார்கள், அடுத்த நொடி தலைகுனிந்து கும்பிடுகிறார்கள். எது மந்திரம், எது வழிபாடு? கோடு கிழிக்கச் சொன்னால் பூசாரியே முழிப்பார். ரொஹான் பஸ்டின் 2002இல் இந்தக் கோயில்களைப் பற்றி எழுதிய நூல் முழுக்க இந்தக் கலப்பைப் பற்றியதுதான். மதம் மேலே பூசிய வெறும் சுண்ணாம்பு என்றால் 1578இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தபோதே அது உதிர்ந்து போயிருக்கும்.

பேய்களுக்கு வருவோம். தமிழ்ப் பேய்களுக்கு மதம் இல்லையாம். இதைச் சொல்லத் துணிந்தவர் கலிங்கத்துப்பரணியைக் கையால் தொட்டிருக்க மாட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயங்கொண்டார் போர்க்களத்தில் பேய்களைக் கூட்டிக் கூழ் அடுகிறார், பிறகு பந்தி. பந்தியில் பார்ப்பனப் பேய் வருகிறது, சமணப் பேய் வருகிறது, புத்தப் பேய் வருகிறது. சமணப் பேய் ஒரு பொழுதுதான் உண்ணும், அதுவும் கூழில் மயிர் கிடக்கும் என்று துணியில் வடிகட்டி. கிண்டல்தான், மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறவர்களுக்குப் பேயும் ஒரு சமயத்தைச் சேர்ந்திருக்கும் என்பது இயல்பாக இருந்தால்தானே அந்தக் கிண்டல் எடுபடும்?

கிண்டல் வேண்டாம் என்றால் நீலகேசி இருக்கிறது. ஐஞ்சிறுகாப்பியத்தில் ஒன்று. காளிக்குப் பலி கொண்டுவந்தவர்களிடம், உயிரைக் கொல்லாமல் மண்ணால் செய்து படையுங்கள் என்று சமண முனிவர் முனிச்சந்திரர் சொல்லிவிடுகிறார். அவரை மிரட்டி விரட்ட வருகிறாள் பழையனூர் நீலி, அசல் பேய். பயமுறுத்திப் பார்க்கிறாள், அரசகுமாரி உருவெடுத்து மயக்கிப் பார்க்கிறாள், நடக்கவில்லை. கடைசியில் அவரிடமே உபதேசம் கேட்டு, சமணம் ஏற்று, ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிறாள். குண்டலகேசியிலிருந்து தொடங்கிப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி என ஒவ்வொருவராகத் தோற்கடித்து, கடைசியாக உடலைத் தவிர உயிர் என்று தனியே ஒன்றுமில்லை என்கிற பூதவாதியிடம் வருகிறாள். இந்த இடத்தின் நையாண்டியை நான் ஒவ்வொரு முறையும் ரசிக்கிறேன். ஆவி இல்லை என்று ஒருவன் மூச்சுவிடாமல் வாதாடுகிறான். எதிரே உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு பேய். சிலாபத்தில் அந்த முக்கால் மணி நேரமும் எனக்கு நீலிதான் ஞாபகத்தில் இருந்தாள்.

அந்தப் பழையனூர் எங்கே இருக்கிறது தெரியுமா? திருவாலங்காட்டை ஒட்டி. காரைக்காலிலிருந்து ஒரு பெண் தன் அழகை உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டு, தலையால் நடந்து கயிலைக்குப் போய், வந்து சேர்ந்த இடம் அந்த ஆலங்காடுதான். தன் பாட்டிலேயே தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்கிறாள். அறுபத்துமூவர் வரிசையில் அந்தப் பேய்க்கு இடம் உண்டு. ஒரே சுடுகாட்டு வட்டாரத்தில் ஒரு சைவப் பேய், ஒரு சமணப் பேய். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மணிமேகலையையும் சொல்ல வேண்டும்: வேற்றுருக்கொள்ள, வானில் பறக்க, பசியைத் தாங்க மூன்று மந்திரமும் அமுதசுரபியும் பெற்ற பிறகுதான் அவள் சமயவாதிகளிடம் ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்து பாடம் கேட்கிறாள். பறக்கத் தெரிந்தவள் எதற்குப் பாடம் கேட்டாள் என்று சாத்தனாரிடம்தான் விசாரிக்க வேண்டும்.

புத்தளத்தில் இருந்துகொண்டு ஜின்களை மறப்பது அதைவிடப் பெரிய அதிசயம். குர்ஆனின் 72ஆம் அத்தியாயத்தின் பெயரே அல்ஜின். ஓதுவதைக் கேட்டு ஒரு ஜின் கூட்டம் ஈமான் கொள்கிறது; தங்களுக்குள்ளேயே முஸ்லிம்களும் உண்டு, வழிதவறியவர்களும் உண்டு என்று அவை சொல்கின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இந்த மாவட்டத்துக்கு வந்தவர்களில் ஓர் உம்மம்மாவை எனக்குத் தெரியும். ஊரை விட்டு வந்து பல வருடம் கழித்து ஒருநாள் அவர் சொன்னார்: “எங்கட பள்ளியில இப்ப தொழ ஆள் இல்ல மகன். ஜின்கள்தான் தொழும்.” அதைவிட நல்ல மாயக்கதை நான் படித்ததில்லை. விமர்சகரின் கத்திரிக்கோல் அந்த வாக்கியத்தில் எந்தச் சொல்லை வெட்டும்?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சும்மா ஒரு விபூதிப் பட்டையையும் உருத்திராட்சத்தையும் மாட்டிவிட்டு மந்திரவாதியைச் சைவனாக்கிவிட்டதாக நினைக்கிற கதைகள் நிறைய வருகின்றன. தொலைக்காட்சி நாடகங்களில் கேட்கவே வேண்டாம். அவற்றின் மேல் அவருக்குக் கோபம் என்றால் நானும் கூட நிற்கிறேன். ஆனால் அந்தக் கோபத்தைக் கொண்டுவந்து பதினேழு வயதுப் பிள்ளையின் மண்விளக்கின் மேல் ஊற்றியிருக்க வேண்டாம்.

இனி குவேனி. அவளைப் பற்றிய பழைய எழுத்துச் சாட்சி மகாவம்சத்தின் ஏழாம் அத்தியாயம். அதற்கு முந்திய தீபவம்சத்தில் விஜயன் வருகிறான், குவேனி இல்லை. ஆக, பிக்கு பூசிய சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அசல் குவேனியைக் காட்டுவதாகச் சொல்கிறவர் கையில் சுண்ணாம்புத் தூள்தான் மிஞ்சும். சரி, அந்த அத்தியாயம் என்ன சொல்கிறது? தம்பபண்ணியில் இறங்கிய விஜயனின் ஆள் ஒருவன் நாயைப் பின்தொடர்ந்து போகிறான். அந்தக் கரை குதிரைமலைப் பக்கம் என்பார் எங்கள் ஆட்கள். மற்றவர்களுக்கு வேறு வேறு இடம். மரத்தடியில் குவேனி நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். எப்படி? ஒரு தவப்பெண் போல. கதைக்குள் அவள் நுழைகிற முதல் கணத்திலேயே அவளுக்கு அணிவித்திருப்பது துறவிக் கோலம். பிள்ளையின் விளக்கு அதைவிட அடக்கமானது.

அடுத்து, அவள் அந்த ஆளைப் பிடிக்கிறாள், தின்ன முடியவில்லை. அவன் கையில் காப்புநூல். கட்டிவிட்டவன் உற்பலவண்ணன் என்ற தேவன், அதுவும் துறவி வேடத்தில் வந்து. நூலைத் தா என்று அவள் கேட்டும் அவன் கொடுக்கவில்லை. எழுநூறு பேரையும் ஒவ்வொருவராகப் பள்ளத்தில் எறிய முடிந்த யட்சினிக்கு ஒரு நூல் இழையை மீற முடியவில்லை. மந்திரம் இருந்தால் போதும் என்கிற உலகமா இது?

பிறகு விஜயன் வருகிறான். இடக்கையில் அவள் கூந்தல், வலக்கையில் வாள். அவள் உயிர்ப்பிச்சை கேட்கிறாள். அவன் என்ன கேட்கிறான்? அவள் துரோகம் செய்யாதிருக்கச் சத்தியம் கேட்கிறான். மகாவம்சம் இதை ஒரு வரியில் சொல்லிப் போய்விடுகிறது, நம் விமர்சகர் அந்த ஒரு வரியைத் தாண்டிக் குதித்துவிட்டார்.

இங்கே என் சின்ன வயதுக் கதை ஒன்று. எனக்குப் பதினொரு வயதிருக்கும். எங்கள் கரையில் மந்திரம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். பாம்புக்கடிக்கு ஓதுவார், கண்ணூறு கழிப்பார், வலைக்குக் கட்டுப் போட்டிருந்தால் அவிழ்ப்பார். போட்டதே அவர்தான் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். ஒருநாள் ஒரு வாடியிலிருந்து புதுக் கயிறு ஒரு கட்டுக் காணாமல் போனது. சந்தேகம் நாலு பேர் மேல், அவரும் ஒருவர். அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சொல்ல வேண்டும் என்று முடிவானது. முதல் மூன்று பேரும் பட்டென்று உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். அந்த மூவரில் ஒருவன்தான் எடுத்தவன், பிறகு கயிறு அவன் வீட்டுக் கூரையில் அகப்பட்டது. மந்திரக்காரர் கையை நீட்டினார். சுடருக்கு ஒரு சாண் மேலே அந்தக் கை நின்றது. விரல் நடுங்கியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கையை இழுத்துக்கொண்டு, “நான் எடுக்கல. ஆனா கயித்துக் காச நான் தாறேன், இதுல கை வைக்க மாட்டேன்” என்றார். காசு கொடுக்கவும் செய்தார். வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவிடம் கேட்டேன், எடுக்காதவர் ஏன் பயந்தார் என்று. அப்பா கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். “நமக்கு அது கற்பூரம்டா. அவனுக்கு அப்படி இல்ல.”

விஜயனின் வாளுக்கு முன்னால் குவேனி செய்த சத்தியத்தைப் படிக்கிற போதெல்லாம் எனக்கு அந்தக் கை ஞாபகம் வரும். சத்தியம் என்பது தனக்கு மேலே ஒன்று இருப்பதாக ஒப்புக்கொள்கிறவர் மட்டும் செய்யக்கூடியது. மேலே ஒன்றும் இல்லாதவளிடம் விஜயன் எதற்குச் சத்தியம் வாங்கினான்? அவளும் எழுநூறு பேரைத் திருப்பிக் கொடுத்தாள். தன் இனத்தின் சிரிசவத்து நகரையே காட்டிக்கொடுத்து அவனுக்கு ஓர் அரசு வாங்கித் தந்தாள். சத்தியம் காப்பாற்றப்பட்டது, அவள் பக்கத்தில். பிறகு மதுரையிலிருந்து பாண்டியன் மகள் வந்ததும் அவன் இவளைப் போகச் சொல்லுகிறான். போகச் சொல்லும்போது என்ன தருவதாகச் சொல்கிறான் தெரியுமா? ஆயிரம் செலவில் பலிப்படையல். கட்டிய பெண்ணைக் காவல் தெய்வமாக்கி அனுப்புகிற சாமர்த்தியம்! அவள் அழுதுகொண்டே தன் ஆட்களிடம் போகிறாள், ஒரு யட்சன் ஒரே குத்தில் கொன்றுபோடுகிறான். பிற்காலச் சிங்கள மரபு இதை அப்படியே விட்டுவிடவில்லை. விஜயன் அவளுக்குக் கொடுத்த வாக்கை முறித்த பழி அடுத்து வந்த பண்டுவாசுதேவனை நோயாகப் பிடித்தது என்றும், அதைத் தீர்க்கவே கொஹொம்பா கங்காரிய என்ற சடங்கு முதன்முதலில் ஆடப்பட்டது என்றும் மலைநாட்டில் சொல்கிறார்கள். தாளத்தோடு இன்றும் ஆடுகிறார்கள். கதை முழுவதும் பார்த்தால் சத்தியத்தை மதித்தவள் யட்சினி, முறித்தவன் மனிதன். மதத்தைக் குவேனியிடமிருந்து உருவி எடுத்தால் விமர்சகர் கையில் மிஞ்சுவது கூந்தலைப் பிடித்த ஒருவனும் அலறுகிற ஒருத்தியும். அதை எழுத மாயக்கதை எதற்கு, பொலிஸ் புத்தகம் போதுமே.

போன கிழமை பிள்ளை கொப்பியோடு வந்தாள். “சேர், விளக்க எடுத்திரவா?” என்றாள். எடுக்க வேண்டாம், ஆனால் காட்சியில் வேறு பிழை இருக்கிறது என்றேன். கற்பிட்டிக் கரையில் கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் வெட்டவெளியில் எந்த மண்விளக்கு நின்று எரியும்? தீக்குச்சியே பற்றாதே.

அவள் கொஞ்சம் யோசிக்கவும் இல்லை.

“உடைஞ்ச பானைக்குள்ள சரிச்சு வச்சா நிக்கும் சேர். எங்க அம்மம்மா வாடியில அப்படித்தான் வைப்பா.”